குறைபார்வையோடு சமையல்: கேட்டவர்களுக்கு என் பதில்

எனக்கு இருப்பது ஆர்.பி. என்று சொல்லும் விழித்திரை நோய். மாலைக்கண்ணில் தொடங்கியது. இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும்தான் தெரிகிறது. தருமபுரியில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் நான்தான் சமைக்கிறேன். அதைக் கேள்விப்பட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. களி கிண்டுவதை மட்டும் விடமாட்டேன் என்கிறார். பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லட்டுமா அக்கா?

வேண்டாம் கண்ணு. களி கண்ணால் செய்கிற சமையலே இல்லை. ஒரு டம்ளர் ராகி மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு பிடி நொய். உலை கொதிப்பது காதுக்கே தெரியும். நொய் வெந்ததும் மாவைக் கொட்டி மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் விட்டால் வேகும் வாசனை மாறும். கிண்டும்போது கட்டி இருந்தால் கோலில் தட்டுப்படும். இதெல்லாம் உங்கள் அம்மா கைக்கு எப்போதோ பழகியது.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, பிரிமணையில் அசையாமல் வைத்த பிறகுதான் கிண்ட வேண்டும். இறக்கி வைப்பதை நீங்கள் செய்யுங்கள். அடுத்தது, நாம் எல்லோரும் விரலை நனைத்துத் தொட்டு, ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது என்போம். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் மரத்துப் போயிருக்கலாம். சூடு தாமதமாகத்தான் உறைக்கும், அதற்குள் தோல் வெந்துவிடும். அவர் ஈரக் கரண்டியால் தொட்டுப் பார்க்கட்டும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

ஓசூரில் தனியாக இருக்கும் ஒரு தம்பி: கேஸ் அடுப்பு சிம்மில் இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்றே தெரிவதில்லை.

பகல் வெளிச்சத்தில் நீலத் தீ நல்ல கண்ணுக்கே சரியாகத் தெரியாது தம்பி. திருகில் எம்-சீல் (பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் பசை) உருண்டை ஒன்றை ஒட்டிக் காயவிடுங்கள். அணைந்திருக்கும் நிலை, சிம் நிலை இரண்டுக்கும் நேராக அடுப்பின் முகப்பிலும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பாத்திரத்தை வைத்துவிட்டுப் பற்ற வையுங்கள். எரியும் தீயில் பாத்திரத்தைத் தேடி வைக்காதீர்கள். தொளதொளவென்ற சட்டை வேண்டாம்.

சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிவு தெரியத்தான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

அரூரிலிருந்து: வெங்காயம் நறுக்கினால் விரலையும் சேர்த்து நறுக்குகிறேன்.

வெள்ளைப் பலகையா வைத்திருக்கிறீர்கள்? வெங்காயம், முள்ளங்கி, தேங்காய்க்குக் கறுப்புப் பலகை. கத்தரிக்காய், கீரைக்கு வெள்ளை. தோசை நமக்குச் சுலபமாக வருவதும் இதனால்தான்: கறுப்புக் கல், வெள்ளை மாவு. விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து பலகையில் விழட்டும், முகத்துக்கு நேரே வந்தால் கண் கூசி எல்லாம் மறைந்துவிடும்.

என்னைக் கேட்டால் கத்தியைவிட அருவாமனை நல்லது. அரிவாள் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது, காய் மட்டும்தான் நகர்கிறது. நறுக்கி முடித்த அடுத்த நொடி மடக்கிச் சுவரோரம் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: உப்பு, சர்க்கரை, மிளகாய்த்தூள் குழம்பிப் போகிறது அம்மா.

உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. மிளகாய்த்தூளை உருவத்திலேயே வேறான டப்பாவில் போடுங்கள். முகர்ந்து பார்க்க வேண்டாம், மூக்கில் ஏறிவிடும்.

ஆனால் இது டப்பாவின் பிரச்சினை மட்டுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், உதவியாக இருக்கட்டும் என்று அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்கிவிட்டுப் போனார். அன்றைக்குப் புளிக்குழம்பில் கைப்பிடி சர்க்கரை விழுந்தது. அழுதே விட்டேன். என் சமையலறையில் எனக்குக் கண் என்பது அந்தந்தப் பொருள் இருக்கும் இடம்தான். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள்: எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே போக வேண்டும், அலமாரிக் கதவு பாதி திறந்து நிற்கக் கூடாது.

கிருஷ்ணகிரியிலிருந்து: மசாலா பாக்கெட்டில் தேதி படிக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

கடையில் கண்டதை வாங்காதீர்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தேவைப்படும் பெருக்கம் வேறு. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் குறைபார்வைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, பொருத்திப் பார்த்துத் தருவார்கள். அதுவரை போன் கேமராவில் படம் எடுத்து விரலால் பெரிதாக்கிப் படியுங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒரு பெரியவர்: ஒகேனக்கல் பக்கம் இருந்துகொண்டு மீன் சாப்பிட முடியவில்லையே. முள்தான் பயம்.

விரால் கேட்டு வாங்குங்கள் ஐயா. கட்லா, கெண்டையில் சதைக்குள்ளேயே மெல்லிய முட்கள் கிளை பிரிந்து ஓடும்; விராலில் அந்தத் தொல்லை குறைவு. குழம்பைவிட வறுவல் நல்லது. சதை பாளமாகப் பிரிந்து வரும், இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்து வாயில் போடலாம். சோற்றோடு மட்டும் பிசைந்துவிடாதீர்கள், அப்புறம் முள்ளைக் கண்டுபிடிக்கவே முடியாது.