வெயில் குறையாவிட்டால் எல்க் மான்கள் இணைசேரும் பருவம் தள்ளிப்போகுமா?

தள்ளிப்போகாது. எல்க் என்ற பெரிய மான் வாழும் வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் அதன் உச்சம். அதை முடிவு செய்வது குளிர் அல்ல, நாளுக்கு நாள் சுருங்கும் பகல் நேரம். சினைக்காலம் எட்டு மாதத்துக்கு மேல். புல் செழித்திருக்கும் ஜூன் வாக்கில் கன்று பிறந்தால்தான் பிழைக்கும், அதனால் அந்தக் கணக்கு லேசில் மாறாது.

வெயில் கூடினால் கிடாக்கள் பகலில் நிழலில் படுத்துவிட்டு இரவில் கத்தித் திரியும். பகலில் மட்டும் காட்டுக்குப் போகிறவருக்கு, பருவம் இன்னும் தொடங்கவில்லை என்றே தோன்றும். விடியும் முன்பே போய்க் காத்திருங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செப்டம்பரில் வில்வேட்டை நடக்கும்; கிடாவின் குரலில் கூவி அழைக்கலாம். ஆனால் பெட்டைகளைச் சேர்த்துவிட்ட கிடா, பல நேரம் சண்டைக்கு வராமல் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு விலகிவிடும்.

அப்புறம், வெள்ளைவால் மானுக்கு இந்த நாட்கள் பொருந்தாது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் அதற்கு நவம்பர் நடுவில்தான் உச்சம்.