கொசஸ்தலைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஆந்திராவில் கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டப் போகிறார்கள் என்கிறார்கள். ஆற்றுப்படுகைகளைக் காக்க மத்திய அரசே சட்டம் கொண்டுவருகிறதாமே, அது வந்தால் எங்கள் முகத்துவாரம் பிழைக்குமா?
– ஒரு வாசகி, எண்ணூர் காட்டுக்குப்பம்

பதில்: அந்தச் சட்ட வரைவை நம்பி இருக்காதீர்கள் அம்மா.

1956-லேயே நதி வாரியச் சட்டம் போட்டார்கள். மாநிலம் கேட்டால்தான் வாரியம். அதுவும் ஆலோசனை சொல்லத்தான். அதன்கீழ் உருப்படியாக ஒரு வாரியம்கூட அமையவில்லை. அதற்குப் பதிலாக 2018-இல் ஆற்றுப்படுகை மேலாண்மை மசோதா என்று ஒரு வரைவு தயாரானது. படுகைக்கு ஓர் ஆணையம், அதில் முதலமைச்சர்கள் உட்காரும் ஆட்சிக்குழு. பட்டியலில் 13 படுகைகள். காவிரி இருக்கிறது, கிருஷ்ணா இருக்கிறது. கொசஸ்தலையைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தேடினேன், இல்லை. ஆந்திராவின் நீர்த்தேக்கத் திட்டத்தை எதிர்த்து 2022-இல் நம் முதலமைச்சர் கடிதம்தான் எழுத வேண்டியிருந்தது.

மாநிலங்கள் ஒத்துப்போகவே போகாது என்று யாராவது சொன்னால், பூண்டி ஏரியைக் காட்டுங்கள். சென்னைக்கு ஆளுக்கு 5 டிஎம்சி தருவதாக 1976-இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் சம்மதித்தன. 1983-இல் ஒப்பந்தம். கிருஷ்ணா தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996-இல்! தண்டையார்பேட்டையில் விடியற்காலை அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். அந்த இருபது வருஷம் என் தோளுக்குத் தெரியும். ஆனால் அது குழாய்க்குப் போகிற தண்ணீரின் கணக்கு. இறாலும் மடவையும் வாழ ஆற்றில் கடைசிவரை எவ்வளவு ஓட வேண்டும் என்பதை யாரும் அதில் எழுதவில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, அது ஆந்திராவிலிருந்தா வந்தது? ஆற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலும் நம் பக்கத்துச் சரக்குதான். இரண்டு மாநிலப் பங்கை மட்டும் பார்க்கிற சட்டத்தின் கண்ணுக்கு இதெல்லாம் படாது. மலையடிவாரத்திலிருந்து கழிமுகம் வரை ஒரே படுகை என்று எழுதினால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யலாம். பட்டியலில் நம் ஆற்றையும் சேர்க்கச் சொல்லி ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு, உங்கள் எம்.பி.க்கும் மத்திய ஜல்சக்தி அமைச்சகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கொசஸ்தலை, கொற்றலை என்று இரண்டு பெயரையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘இது வேறு ஆறு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.