சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வேறு கம்பெனி கூடுதல் சம்பளத்துக்கு அழைக்கிறது: விலகலாமா?

மலேசியாவில், பாடாங் செராயிலிருந்து கூலிம் ஹைடெக் தொழிற்பகுதிக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பியின் கேள்வி இது. தொழிற்சாலையில் டெக்னீசியனாகச் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் கம்பெனி ஒன்று இப்போது அழைத்து, மாதம் 2,300 ரிங்கிட்டுக்குப் பதிலாக 3,000 ரிங்கிட் தருவதாகச் சொல்கிறது. இப்போதைய வேலைக்குப் பரிந்துரைத்துச் சொல்லிவிட்டவர், அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (அலுவலக எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். "சேர்த்துவிட்ட மனுசன் முகத்தில் எப்படி விழிப்பது, நாளைக்கு உன் தம்பிக்கு யார் சொல்லிவிடுவார்கள்" என்று அப்பா கேட்கிறார். போவது சரியா, சட்டச் சிக்கல் வருமா என்பதே கேள்வி.

நானும் அந்த வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்ததால், இத்தகைய விலகல் கடிதங்களை வாங்கிக் கோப்பில் சேர்த்த அனுபவம் உண்டு. என் பதில், போகலாம் என்பதே. ஆனால் கம்பெனிக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் நீங்கள் அஞ்சுவதைவிடச் சிறியது, கிராணி ஐயாவுக்குப் பட்டிருக்கும் கடன் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் இந்தப் பேச்சு முடியாமல் நீள்கிறது.

முதலில் அப்பாவின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் வேலையும் வீடும் வேறுவேறாக இருந்ததில்லை. பேர் வெட்டினால், அதாவது வேலையிலிருந்து நீக்கினால், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி, கோயில் திருவிழா, கடைக்காரரிடம் இருக்கும் பற்று எல்லாமே அந்த ஒரு வேலையோடு கட்டப்பட்டிருந்தன. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்ட பின், கங்காணி (ஆள் சேர்த்துக் கொண்டுவந்த மேற்பார்வையாளர்) வழியாக வந்த தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம் என்ற உரிமை சட்டத்தில் இருந்தது. இருந்தும் போவதற்கு இடமும் கையில் காசும் இல்லாதவனுக்கு அந்த உரிமையால் என்ன பயன்? அப்படிப்பட்ட வாழ்க்கையைப் பார்த்து வளர்ந்தவர் வேலை மாறுவதை வீடு மாறுவதைப் போல எண்ணிப் பயப்படுவதில் வியப்பில்லை. அவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வேலையில் வீடு சேர்ந்து வரவில்லை என்பதை மட்டும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரே இடத்தில் விசுவாசமாக இருப்பதற்கு நம் நாட்டுச் சட்டம் என்ன மதிப்புக் கொடுக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லலாம். ஆள்குறைப்பு நடந்தால், 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள் என்பதுதான் குறைந்தபட்ச இழப்பீடு. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, முப்பது ஆண்டு உழைத்த நம் பெரியவர்கள் பலர் கையில் வாங்கியது இந்தக் கணக்கில் வந்த தொகைதான். அதுவும் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை செய்திருந்தால்தான் கிடைக்கும். அடுத்த மாதம் ஆர்டர் குறைந்து உங்கள் தொழிற்சாலை ஆள் குறைத்தால், புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு முன்னறிவிப்பைத் தவிர இந்த விதிமுறைகளின்படி எதுவும் தர வேண்டியதில்லை. அவர்கள் அப்படிச் செய்தால் அதை யாரும் துரோகம் என்று சொல்லப் போவதில்லை. நீங்கள் முறையாக அறிவித்துவிட்டுப் போவதையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக, 700 ரிங்கிட் கூடுதல் என்பது உண்மைதானா என்று பாருங்கள். 3,000 என்ற எண் எப்படிக் கூட்டப்பட்டது என்பதைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது. நான் பார்த்த பல நியமனங்களில் தொகை ஏறக்குறைய இப்படித்தான் பிரிந்திருக்கும்: அடிப்படைச் சம்பளம் 1,800, ஷிப்ட் அலவன்ஸ் 350, வருகை அலவன்ஸ் 150, வீட்டு வாடகைக்கு 200, மீதி 500 "எதிர்பார்க்கப்படும்" ஓவர்டைம். உங்கள் இப்போதைய 2,300இல் அடிப்படை 2,000 என்று வைத்துக்கொள்வோம். நான் பார்த்த தொழிற்சாலைகளில் ஓவர்டைமை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். அதை 26ஆல் வகுத்து, பிறகு 8ஆல் வகுத்து, சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. 2,000க்கு ஒரு மணி நேரத்துக்கு 14.42 ரிங்கிட் வரும், 1,800க்கு 12.98தான் வரும். அதாவது புதிய இடத்தில் ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் இப்போதைக்கு வாங்குவதைவிடக் குறைந்த கூலிக்கு உழைப்பதாகிவிடும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கிலும் ஓவர்டைம் சேராது. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி போடும் 13 விழுக்காடு, ஓவர்டைம் நீங்கலான சம்பளத்துக்குத்தான். ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் வருகை அலவன்ஸ் முழுவதும் போய்விடும் இடங்களும் உண்டு. அடிப்படைச் சம்பளம் உயராமல் மொத்தம் மட்டும் உயரும் வாய்ப்பை நான் நல்ல வாய்ப்பு என்று சொல்ல மாட்டேன்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். பாடாங் செராயிலிருந்து கூலிமுக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய்விடலாம். பாயான் லெப்பாஸுக்குப் பாலம் தாண்டிப் போக வேண்டும். கம்பெனி பஸ் நம் ஊர் வரை வருகிறதா, எங்கே ஏற வேண்டும், பன்னிரண்டு மணி நேர ஷிப்டா எட்டு மணி நேர ஷிப்டா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விடியற்காலையில் பஸ் பிடித்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் வேலைக்குப் போன பிள்ளைகள், இரண்டு மூன்று மாதத்தில் தீவிலேயே அறை எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாடகையும் வெளிச் சாப்பாடும் சேர்ந்தால் கூடுதல் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். மோட்டார் அல்லது கார் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே யோசியுங்கள். வங்கிகள் பொதுவாகக் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கும் என்பதால், மாறினால் அந்தக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் புதிய இடமே மேல் என்று தெரிந்தால், கையெழுத்திட்ட நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இங்கே வாயைத் திறக்காதீர்கள். தொலைபேசியில் "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று சொல்வது கடிதம் ஆகாது. கடிதம் வந்தாலும், மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் நியமனம் என்று ஒரு வரி அதில் பெரும்பாலும் இருக்கும். அதை முடித்துவிட்டு, உறுதி செய்யும் மின்னஞ்சலையும் கேட்டு வாங்குங்கள். இதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம் தானாக வேலையை விட்டவருக்கு உதவித்தொகை தராது. இங்கே விலகி, அங்கே அவர்கள் பின்வாங்கிவிட்டால், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த அந்தச் சந்தாவால் உங்களுக்கு ஒரு காசும் வராது.

சட்டம் இந்த விஷயத்தில் எளிமையானது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் எந்தச் சம்பளத்தில் இருப்பவருக்கும் பொருந்துகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு, அது இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தகுதிகாண் காலத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. எதுவும் எழுதவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வாரம். காத்திருக்க முடியாவிட்டால் அந்தக் காலத்துக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு உடனே விலகலாம். புதிய கம்பெனிக்கு ஆள் அவசரம் என்றால் அந்தத் தொகையை அவர்கள் ஏற்பார்களா என்று கேட்பதில் தவறில்லை, சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் விளக்கம் எதுவும் வேண்டாம். எந்தப் பதவியிலிருந்து விலகுகிறீர்கள், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி எத்தனை வாரம் அறிவிப்புக் கொடுக்கிறீர்கள், கடைசி வேலை நாள் எது என்ற மூன்றும் போதும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு மறுநாள் வராமல் இருந்தவர்களின் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் என்றே சட்டம் கொள்ளும். முன்னறிவிப்புக்கு ஈடான தொகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும் இடம் உண்டு.

பயிற்சிக்காக, இடையில் விலகினால் பணம் கட்டுவேன் என்று கையெழுத்திட்ட பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் எழுதியிருக்கும் தொகை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கட்ட வேண்டும் என்பதில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது, எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், விலகிய பிறகு அதே சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி அது செல்லாது. ஆனால் இங்கே பார்த்த வரைபடங்களையும் அளவுகளையும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போவது வேறு விஷயம், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இந்தச் சில வாரங்களைப் பயோடேட்டாவில் மறைக்கலாமா என்று பின்னால் ஒரு ஆசை வரும். வேண்டாம். இபிஎஃப் அறிக்கையில் முதலாளியின் பெயரோடு அது பதிவாகியிருக்கும். மேலும் இந்த ஆண்டு முந்தைய இடத்தில் வாங்கிய சம்பளத்தைப் புதிய முதலாளிக்கு டிபி3 படிவத்தில் தெரிவிக்க வேண்டும், அப்போதுதான் மாத வரிப் பிடித்தம் சரியாக வரும். ஒரு முறை சீக்கிரம் விலகியதை எந்த மனிதவள அதிகாரியும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அடுத்த இடத்திலும் இதையே செய்தால்தான் கேள்வி கேட்பார். இன்னொன்று, 3,000 தருகிறார்கள் என்று சொல்லி இங்கேயே பேரம் பேசாதீர்கள். இன்னும் ஒரு இயந்திரத்தைக்கூடத் தனியாகக் கையாளப் பழகாதவருக்கு அது அழகல்ல என்பது என் கருத்து.

இனி கிராணி ஐயாவைப் பற்றி. நம் ஊர்களில் வேலைக்குச் "சொல்லிவிடுவது" என்றால் ஒருவர் தன் பெயரை அடகு வைப்பதாகும். நான் வேலை செய்த இடத்தில் கம்பெனி பஸ் ஓட்டிய ஓர் அண்ணன் தன் பக்கத்து வீட்டுப் பையனைச் சேர்த்துவிட்டார். பையன் சில வாரத்தில் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டான். அன்று காலை இறங்கும் இடத்தில் சூப்பர்வைசர் அவரிடம், "உங்கள் ஆள் எங்கே?" என்று கேட்டார். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே, தெரியாது என்றார். அடுத்த முறை ஆள் தேவை என்று எங்கள் பிரிவில் பேச்சு வந்தபோது அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் தானாக ஒரு பெயரைச் சொல்ல முன்வரவில்லை. கம்பெனிக்கு அந்தப் பையனால் பெரிய நட்டம் எதுவும் இல்லை, ஒரு வாரத்தில் வேறு ஆள் வந்துவிட்டான். நட்டம் முழுவதும் அந்த அண்ணனுக்கும், அவர் வழியாக வேலை கேட்டிருக்கக்கூடிய பிள்ளைகளுக்கும்தான்.

அதனால் நியமனக் கடிதம் கையில் வந்ததும், இங்கே விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன் கிராணி ஐயாவைப் போய்ப் பாருங்கள். அப்பாவைத் தூது அனுப்பாதீர்கள், தொலைபேசியிலும் சொல்லாதீர்கள், நேரில் போய் உட்கார்ந்து, புதிய கடிதத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "உங்களால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, அந்த நாட்கள் முழுவதும் வேலை செய்துவிட்டுத்தான் போவேன். உங்கள் பெயருக்குக் குறை வராமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். அனுமதி கேட்கும் தொனியில் பேசாதீர்கள், வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் தர்மசங்கடம் ஆகிவிடும். முடிவைச் சொல்லுங்கள், ஆனால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் பேச வேண்டாம். சேர்த்துவிட்ட அதிகாரியிடம் அவரே ஒரு வார்த்தை சொல்ல விரும்பினால் அதற்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, பிறகு கடிதத்தைக் கொடுங்கள். உங்கள் இடம் எந்தத் தேதியில் காலியாகிறது, அதற்கு என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகளின் பெயராவது அவரிடம் நிச்சயம் இருக்கும்.