பழைய பிக்கப்புக்கு எந்த கியர்பாக்ஸ் வாங்குவது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம் இருக்கிறோம். எங்களிடம் 2004 மாடல் செவ்ரோலே சில்வராடோ 1500 இருக்கிறது. 5.3 லிட்டர் வி8, ஃபோர் வீல் டிரைவ், 1,88,000 மைல் ஓடிய வண்டி. போன மாதம் டிரெய்லரோடு மலை ஏறி வந்த பிறகு மூன்றாவது கியர் விழுவதே இல்லை. எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி இழுப்பதில்லை. முதல் இரண்டு கியரும் ரிவர்ஸும் சரியாக வேலை செய்கின்றன. ரீமேனுஃபாக்சர்டு, அதாவது பிரித்துப் புதுப்பித்த கியர்பாக்ஸ் பெட்டி போட ஒரு பட்டறையில் மொத்தம் 3,700 டாலர் கேட்கிறார்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் 650 டாலருக்கு ஒரு பெட்டி இருக்கிறது, 90 நாள் வாரண்டி. ஏற்றித் தர ஒரு மெக்கானிக் 900 டாலர் கேட்கிறார். ஆயில் மாற்றினாலே போதும் என்கிறார் நண்பர். இன்னும் நான்கைந்து வருடம் இந்த வண்டியையே ஓட்ட ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஆயில் விஷயம். கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால், கிளட்ச் தகடுகள் எரிந்துவிட்டன என்று அர்த்தம். எரிந்த தகடு புது ஆயிலில் பிழைக்காது. உங்கள் வண்டியில் இருப்பது 4எல்60இ என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக். மூன்றாவது, நாலாவது இரண்டுக்கும் ஒரே கிளட்ச் தொகுதிதான். நீங்கள் சொல்லும் அடையாளம் அதோடு அப்படியே பொருந்துகிறது. இதே பெட்டியில் சன் ஷெல் என்ற உள் பாகம் உடைந்தால் இரண்டாவது, நாலாவது, ரிவர்ஸ் மூன்றும் போயிருக்கும். மின் இணைப்புக் கோளாறாக இருந்தால் வண்டி கிளம்பும்போதே மூன்றாவதில் திணறிக்கொண்டு கிளம்பும். அப்படி ஒரு வயர் கோளாறுக்காக முழுப் பெட்டியையும் மாற்றிப் பணம் இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். 1,88,000 மைல் உழைத்த பெட்டியைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, எதை வாங்குவது? யார்டு பெட்டி மலிவாகத் தெரிகிறது. ஆனால் அது எத்தனை மைல் ஓடியது, எத்தனை டிரெய்லர் இழுத்தது என்று யாரால் சொல்ல முடியும்? அந்த 90 நாள் வாரண்டியும் பெரும்பாலும் பெட்டிக்கு மட்டும்தான். இரண்டாவது மாதத்தில் கெட்டால் வேறு பெட்டி தருவார்கள், இறக்கி ஏற்றும் 900 டாலரை மறுபடி நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்தில் வண்டியை விற்பதாக இருந்தால் யார்டு பெட்டியே போதும் என்பேன். நீங்கள் நான்கைந்து வருடம் ஓட்டப்போகிறீர்கள், பாரமும் இழுக்கிறீர்கள். அதனால் என் ஓட்டு புதுப்பித்த பெட்டிக்குத்தான். ஆனால் 3,700ஐ உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் பெட்டியையே பிரித்துப் புதுப்பித்துத் தரும் டிரான்ஸ்மிஷன் பட்டறை ஒன்றிலும் விலை கேளுங்கள். வாரண்டி எத்தனை மாதம், எத்தனை மைல், வேலைக் கூலியும் அதில் சேருமா, வெளியூரில் கெட்டால் யார் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் பெட்டியோடு வேலை முடிவதில்லை. பழைய கிளட்ச் தூளும் உலோகத் துகளும் எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும், ரேடியேட்டருக்குள் இருந்து ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் தங்கியிருக்கும். கன்வெர்ட்டரைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள், கூலரையும் அதன் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். பல வருடம் முன்பு என் வண்டிக்குப் பெட்டி மாற்றிய பட்டறையில் கூலரைக் கழுவாமல் விட்டார்கள். ஏழாவது மாதம் புதுப் பெட்டியும் போயிற்று. ஆயிலின் சூட்டைத் தணிக்கத் தனியாக ஒரு கூலர் சேர்ப்பது, டிரெய்லர் இழுக்கும் உங்களுக்கு வீண் செலவே அல்ல.

கிளவ் பாக்ஸுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் எம்30 என்று இருக்கிறதா பாருங்கள். 4எல்60இ பெட்டிக்கான குறியீடு அதுதான். ஃபோர் வீல் டிரைவ் பெட்டியின் பின்பகுதி வேறு மாதிரி, டூ வீல் டிரைவ் பெட்டி அப்படியே பொருந்தாது. ஆயில் டெக்ஸ்ரான் 6 போடலாம், பழைய டெக்ஸ்ரான் 3க்குப் பதிலாக வந்ததுதான் அது.

நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பது ஒரு பலம். அங்கே வேலை தொடங்கும் முன் எழுத்து மூலம் எஸ்டிமேட் தர வேண்டும் என்பது சட்டம். பெட்டியைக் கழற்றும் முன்பே, கழற்றாமல் சரிசெய்ய முடியுமா என்று சோதிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ‘ரீபில்ட்’, ‘ரீமேனுஃபாக்சர்டு’ என்று சொல்லி விற்றால் கிளட்ச் தகடு, சீல், கேஸ்கெட், ஃபில்டர் எல்லாம் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். தேய்ந்ததை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. தகராறு வந்தால் மாநிலத்தின் பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் தரலாம்.

கேள்வி: எஸ்டிமேட்டில் ‘கோர் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். அது என்ன? பழைய பெட்டியை நான் வைத்துக்கொள்ள முடியாதா?

பதில்: பழைய பெட்டி திரும்பி வரும் என்பதற்கான முன்பணம் அது. பெட்டியை ஒப்படைத்ததும் தொகை திரும்ப வேண்டும். பில்லில் கழித்தார்களா என்று மட்டும் பாருங்கள், அங்கேதான் மறந்துபோகிறார்கள். மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு, வேலைக்குக் கையெழுத்துப் போடும்போதே கேட்க வேண்டும். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பெட்டி என்றால் வைத்துக்கொள்ள முடியாது, பார்ப்பதற்குக் காட்டியாக வேண்டும். பார்க்கும்போது அடித்தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருப்பது எல்லா வண்டியிலும் சகஜம். துண்டு துண்டாக உலோகம் கிடந்தால் கூலரைக் கழுவுவதோடு நிற்காமல் புதிதாகவே போடச் சொல்லிவிடுங்கள்.