ராஸ்பெரிக் கண்டு காய்க்கவில்லை: வெட்டினால் சரியாகுமா?

கேள்வி: "நட்டு மூன்றே மாதத்தில் காய்க்கும் ராஸ்பெரி" என்ற முகநூல் விளம்பரத்தைப் பார்த்து இரண்டு கண்டுகள் 3,500 ரூபாவுக்கு எடுத்தேன். வளவில் செழிப்பாகத் தழைத்து நிற்கின்றன; ஒரு பூவும் இல்லை. மூன்று மாதம் முடியப் போகிறது. கனடாவில் இருக்கும் அக்கா, தான் செய்வதுபோல அடியோடு வெட்டச் சொல்கிறார். விற்றவர் பசளை போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? காசு திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள், தங்கச்சி. முதலில் ஓர் இலையைக் காம்போடு கிள்ளிப் பாருங்கள். கிள்ளிய இடத்தில் பால் கசிந்து, தண்டில் முள்ளும் இல்லையென்றால் அது மல்பெரி. ராஸ்பெரியில் பால் வராது. ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் இருக்கும், இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், தண்டில் பெரும்பாலும் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். பழங்கள் பார்வைக்கு ஒத்திருப்பதால் ஒன்றை மற்றதன் பெயரில் விற்பது சுலபம்.

அக்கா சொல்வது கனடாவுக்குச் சரி. ராஸ்பெரியின் வேர் பல வருடம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டே வருடம். சாதாரண இனங்களில் தண்டு முதல் வருடம் வளரும், குளிரில் உறங்கும், அடுத்த வருடம் காய்த்துவிட்டுப் பட்டுப்போகும். அப்படிக் காய்த்து முடிந்த தண்டைத்தான் அடியோடு வெட்டுவார்கள். முதல் வருடமே நுனியில் காய்க்கும் இனங்களை மட்டும் குளிர்காலக் கடைசியில் முழுதாக வெட்டலாம். அந்த உறக்கத்துக்குப் பெரும்பாலான இனங்கள் 7 பாகை செல்சியசுக்குக் கீழே 800 மணி நேரமாவது கேட்கும். எங்கள் வன்னியில் மார்கழி, தை இரவுகளிலும் 20 பாகை அளவில்தான் நிற்கிறது. அசல் ராஸ்பெரி என்றால் வெட்டியும் பயனில்லை, பசளை போட்டும் பயனில்லை. அதற்கு இன்னும் காசைக் கொட்ட வேண்டாம்.

மல்பெரி என்றால் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். வேர் பிடித்துவிட்டால் நம் வெயிலைத் தாங்கும். மாரியில் அடியில் வெள்ளம் தேங்காமல் மட்டும் பாருங்கள். கொப்புகள் நீண்டு தடித்த பிறகு மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட்டு, எருவும் தண்ணீரும் கொடுங்கள். புதுத் துளிரோடு சேர்ந்தே பூப்பிஞ்சு வரும். வெட்டிய தடித்த துண்டுகளை ஊன்றினால் அவையும் கண்டாகும்.

சரி, காசு விஷயம். எதுவாக இருந்தாலும் சொன்ன பொருள் ஒன்று, கிடைத்த பலன் வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு நாள் நெருங்குகிறது. விளம்பரத்தையும் விற்றவரின் பதில்களையும் அவர் அழிக்கும் முன் இன்றைக்கே படம்பிடித்து வையுங்கள். காசு அனுப்பிய சீட்டு, பொதி வந்த உறை, இலையின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். வழி கேட்க 1977க்கு அழைக்கலாம். கண்டு என்ன இனம் என்பதில் சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள்.