புதுசா பிறந்த நட்சத்திரங்களிலயும் சூரியனில போல காத்து அடிக்குமா?

ஓம், அடிக்கும், சூரியனவிட பயங்கரமாவே அடிக்கும். சூரியன்ட காத்து (மேற்பரப்பில இருந்து வெளியால பாயுற மின்னேறின துகள்கள்) செக்கனுக்கு 400 கிலோமீற்றர் அளவில வந்தாலும் அதில வெளியாகிற பொருள் கொஞ்சம்தான், ஆனா ஒண்டு ரெண்டு மில்லியன் வயசு நட்சத்திரங்கள் அதவிட ஆயிரக்கணக்கான மடங்கு, சிலது லட்சக்கணக்கான மடங்கு கூடத் தள்ளுது.

மாசி மாசம் மழை விட்டாப்போல பொழுதுபட கல்லடிக் கடற்கரையில நிண்டு அண்ணாந்து பாருங்க, ரோகிணி சிவப்பா தெரியும், அதுக்குக் கிட்டத்தான் டி டோரி எண்ட இளம் நட்சத்திரம் இருக்கு (வெறுங்கண்ணுக்குத் தெரியாது, டெலஸ்கோப் வேணும்). 1945ல அல்பிரட் ஜோய் எண்ட வானியலாளர் அதின்ட பேரிலயே இந்த இளசுகள ஒரு தனி வகையா பிரிச்சார்.

காத்து எப்பிடி வருது எண்டதுதான் எனக்கு மிச்சம் பிடிச்ச விசயம். நட்சத்திரத்தச் சுத்தி வாயுவும் தூசியும் தட்டு மாதிரி சுழலும், காந்தப்புலம் அந்தத் தட்டின்ட உள்விளிம்பில இருந்து வாயுவப் பிடிச்சு இழுத்து நட்சத்திரத்தின்ட மேற்பரப்பில மோத விடுது, மோதுற இடம் சுத்தியுள்ள இடத்தவிட ஆயிரக்கணக்கான டிகிரி கூடச் சூடாகும், ஆனா வாற வாயு எல்லாம் உள்ளுக்குப் போகாது, ஒரு பங்க அதே காந்தப்புலம் வெளியால வீசி எறியுது. அப்பிடிப் போறது சுழற்சியையும் கொண்டுபோகுது, இல்லாட்டி விழுற பொருளோட நட்சத்திரம் இன்னும் வேகமா சுழலவேணும்.

காத்தக் கண்ணால காணேலாதுதானே, நட்சத்திர வெளிச்சத்த நிறம் நிறமாப் பிரிச்சுப் பாக்கிற நிறமாலையிலதான் பிடிக்கிறாங்க. ஹைட்ரஜன்ட பிரகாசமான கோட்டில நீலப்பக்கமா ஒரு வெட்டு விழுந்திருந்தா, நம்மட பக்கமா வாற வாயு அந்த வெளிச்சத்தக் குடிச்சிட்டு எண்டு அர்த்தம், வெட்டு எவ்வளவு தள்ளி விழுந்திருக்கு எண்டதில இருந்து வேகத்தையும் கணக்குப் பாக்கலாம்.