அகராதியில் பாட்டு வரி எதற்கு? – கேள்வி பதில்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனைப் புரட்டும்போது எழும் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மயிலாப்பூர் வாசகர்: ஐயா, பொருளைச் சொன்னால் போதாதா? கூடவே ஏன் ஒரு பாட்டு வரி?

பொருள் சொல்வது அகராதிக்காரர். வரிதான் அவருக்குச் சாட்சி. 'நாற்றம்' என்றால் நறுமணம் என்று வெறுமனே எழுதினால் கூவம் ஓரம் குடியிருப்பவர் நம்புவாரா? 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்ற குறளை (1274) காட்டினால் பேச்சு முடிந்தது. மொட்டுக்குள் அடங்கியிருப்பது வாசனைதானே!

இந்தப் பழக்கம் உரையாசிரியர்களிடமிருந்து வந்தது. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். அதற்கு உரை எழுதிய சேனாவரையர் 'தவ' என்பதற்கு 'ஈயாது வீயும் உயிர்தவப் பலவே' என்ற வரியை எடுத்துக் காட்டுகிறார். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டின் (235) கடைசி அடி அது. கொடுக்காமலே செத்துப்போகிறவர்கள் மிகப் பலர் என்று பொருள். இலக்கணத்துக்கு உதாரணம் தேடப்போனவர் கையில் இப்படி ஒரு வரி அகப்பட்டிருக்கிறது!

'கடி' இன்னும் சிக்கலானது. ஒரே நூற்பாவில் அதற்குப் பத்துப் பொருள். 'கடிநுனைப் பகழி' என்றால் கூர்மை, 'கடிமலர்' என்றால் புதுமை. அம்பும் பூவும் பக்கத்தில் இல்லாவிட்டால் எது எந்தப் பொருள் என்று எப்படிப் பிரிப்பது? 'முன்னும் பின்னும் வருபவை நாடி' என்று தொல்காப்பியரே வழி சொல்லிவிட்டார்.

வேளச்சேரி, கல்லூரி மாணவி: சார், நிகண்டுகளில் மேற்கோளே இல்லையே?

நிகண்டு என்கிற பழைய சொற்பொருள் நூலே பாட்டுதானம்மா. திவாகரம் நூற்பாவில் ஓடும், சூடாமணி விருத்தத்தில் ஓடும். எல்லாம் மனப்பாடத்துக்காகச் செய்தவை. சூடாமணியின் பதினோராம் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்துவரும்படி, அடுக்கப்பட்டிருக்கின்றன. தேடுகிறவருக்குத் தொல்லை, ஒப்பிக்கிறவருக்குச் சுகம். முதலெழுத்து வரிசைக்கு ரேவண சித்தரின் அகராதி நிகண்டு (1594) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கிய வரியைத் தேடிப் பிடித்துப் போடுவது அச்சு அகராதிகளின் வேலை. கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்து, மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910 முதல் வெளியிட்ட தமிழ்ச் சொல்லகராதியிலேயே அதைப் பார்க்கலாம். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த லெக்சிகன் (1924–1936) அதைப் பெரிய அளவில் செய்தது.

பெரம்பூர் வாசகர்: சில சொற்களுக்கு வரி இல்லாமல் (பிங்.) என்று மட்டும் இருக்கிறதே?

பிங்கல நிகண்டு. அந்தப் பொருளுக்கு நிகண்டுதான் ஆதாரம். கவிதையில் எடுத்தாளும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

அம்பத்தூர், பள்ளி ஆசிரியை: மேற்கோள் வரியில் நான் தேடும் சொல்லே காணவில்லை!

இருக்கும், சொல்லோடு சொல் சேரும் புணர்ச்சியில் ஒளிந்திருக்கும். 'கற்க கசடறக்' என்பதில் கசடு எங்கே? 'கசடு + அற' என்று பிரித்தால் வெளியே வரும். லெக்சிகன் பழைய அச்சு முறைப்படி சொல் பிரிக்காமல் சேர்த்தே போடும், அதனால் சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நூல் பெயரையும் எண்ணையும் வைத்து முழுப்பாட்டுக்குப் போய்விடுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலோ பழைய பதிப்புகள் கிடைக்கும்.

அதே ஆசிரியை: என் கையில் உள்ள பதிப்பில் வரி வேறு மாதிரி இருந்தால்?

பாடபேதமாக, அதாவது ஒரே வரி பதிப்புக்குப் பதிப்பு மாறுவதாக இருக்கலாம். உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937இல். அதற்கு முந்தைய ஆண்டே லெக்சிகனின் ஆறு தொகுதிகளும் முடிந்துவிட்டன. தொகுத்தவர்கள் அன்றைக்குக் கிடைத்த பதிப்புகளைத்தானே பார்த்திருக்க முடியும்? இரண்டு பாடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா நகர் வாசகர்: இங்கிலீஷ்காரனைப் பார்த்துச் செய்ததுதானே இதெல்லாம்?

அகராதி அமைப்பில் அந்தச் செல்வாக்கு உண்டு, மறுக்கவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755இலேயே ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன் என்று வரி வரியாக அடுக்கினார். இடத்துக்கேற்ப வெட்டவும் மாற்றவும் செய்தார். ஆனால் சேனாவரையர் ஜான்சனுக்குப் பல நூற்றாண்டு மூத்தவர் சார்.

குரோம்பேட்டை வாசகர்: இன்றைய சொற்களுக்கும் பாட்டு வரி தேடலாமா?

வேண்டாம். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய வாக்கியங்களையே உதாரணமாகத் தருகிறது. அதுதான் சரி.

தாம்பரம் வாசகர்: கடி என்றால் திருமணம் என்றும் இருக்கிறதே. மகள் கல்யாணப் பத்திரிகையில் 'கடிமணம்' என்று போடலாமா?

தாராளமாகப் போடலாம், சொல் சுத்தமானது. ஆனால் நீங்கள் எந்த வரியை எடுத்துக் காட்டினாலும் மாப்பிள்ளை வீட்டு வாண்டுகள் நாய்க்கடியைத்தான் நினைக்கும். 'திருமணம்' என்றே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.